இரட்டைக்குழல் துப்பாக்கி: விசை வரிசையும் சோக்கும்

குழல்கள் பக்கம் பக்கமாக அமைந்த பழைய ஆங்கிலேய வேட்டைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் குழலுக்கு ஒரு விசை உண்டு. முன்விசை வலக்குழலையும் பின்விசை இடக்குழலையும் சுடும். இடக்கைக்காரருக்காகச் செய்தவற்றில் இது தலைகீழ்.

குழல்வாயருகே உள்விட்டத்தைச் சற்றே குறுக்குவது சோக். ரவைகள் அதிகம் சிதறாமல் நெருங்கிச் செல்ல அது உதவும். நியூகாசிலின் துப்பாக்கித் தயாரிப்பாளர் பேப் 1866இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1870களில் பர்மிங்ஹாமின் தயாரிப்பாளர் கிரீனர் இதைப் பரப்பினார். 12 போர் துப்பாக்கியில் முழுச் சோக் என்பது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் குறுக்கம்தான். ஆனால் அது செய்யும் வேலை பெரிது: 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் சுமார் 70 விழுக்காடு ரவைகள் விழும். சோக்கே இல்லாத குழலில் 40 விழுக்காடுதான்.

காலடியிலிருந்து கிளம்பும் பறவை விலகிப் பறக்கும். அதனால் முதல் வெடிக்கு ரவை அகலமாகப் பரவும் வலக்குழல், எட்டப் போனபின் இறுக்கமான இடக்குழல். ஆள்விட்டு விரட்டும் வேட்டையில் ஃபெசன்ட் பறவை எட்டத்திலிருந்து எதிரே நெருங்கி வருவதால், பின்விசையை முதலில் இழுப்பவர்களும் உண்டு. கணநேரத்தில் சோக்கைத் தேர்ந்துகொள்ளும் இந்த வசதியே இரட்டை விசையின் உண்மையான பலம். பாஸ் துப்பாக்கி நிறுவனம் 1894இல் நம்பகமான ஒற்றை விசையைக் கொண்டுவந்த பின்னும் பலர் இரண்டையே விரும்பினர்.

பின்விசையை இழுக்கும்போது, துப்பாக்கி உதைத்து விரலின் நகப்புறம் முன்விசையில் இடிபடும். அதைத் தவிர்க்கவே நல்ல துப்பாக்கிகளில் முன்விசையைக் கீல் வைத்து, முன்னோக்கி மடங்கும்படி செய்தார்கள்.