இரு நெடுங்குழல்கள்

அப்பலாச்சிய மலைச்சரிவுகளில் மான் தேடிப் போனது ஒன்று. காபூலுக்கும் ஜலாலாபாத்துக்கும் இடைப்பட்ட கணவாய்களில் பாறை மறைவில் காத்திருந்தது மற்றொன்று. பென்சில்வேனியாவின் நெடுந்துப்பாக்கியைச் செய்த ஜெர்மன் கொல்லர்கள் ஆப்கானிஸ்தானைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கத் தேவையில்லை. ஆப்கானியரின் ஜெசாயிலைச் செய்தவர்களுக்கு லங்காஸ்டர் என்றோர் ஊர் இருப்பது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆயினும் இரண்டையும் ஒரே மேசையில் கிடத்திப் பார்த்தால், ஒரு குடும்பத்துச் சாயல் தெரியத்தான் செய்கிறது.

முதலில் கண்ணில் படுவது நீளம். அமெரிக்கத் துப்பாக்கியின் குழல் மட்டுமே பெரும்பாலும் 42 முதல் 46 அங்குலம். ஜெசாயிலின் குழலும் அதற்குச் சளைத்ததன்று. கருமருந்து எரிந்து குண்டைத் தள்ளுவதற்கு நீண்ட குழல் கூடுதல் இடம் தரும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடக்கூடக் கண் தவறுவதும் குறையும். ஆனால் இந்த நீளத்துக்கு இரண்டும் வந்து சேர்ந்த வழி வேறு. அமெரிக்கத் துப்பாக்கியின் மூதாதை ஜெர்மன் வேட்டைக்காரர்களின் குட்டையான, தடித்த ‘யேகர்’. 18ஆம் நூற்றாண்டில் லங்காஸ்டர் வட்டாரத்துப் பட்டறைகளில் அது படிப்படியாக நீண்டு மெலிந்தது. ஜெசாயிலின் மூதாதையோ திரி வைத்துச் சுடும் ஆசியத் துப்பாக்கி. அது முன்பே நெடியது. முதலாவது வளர்ந்து நீண்டது, இரண்டாவது நீளமாகவே பிறந்தது.

குண்டின் பருமனில்தான் இரண்டும் வெவ்வேறு பக்கம் திரும்புகின்றன. ஒரு பவுண்டு ஈயத்தில் ஆங்கிலேயரின் பிரவுன் பெஸ் துப்பாக்கிக்கு 14 குண்டுகள் வார்க்கலாம். அதே ஈயத்தில் 0.45 அங்குல அமெரிக்கக் குழலுக்கு 50க்கு மேல் கிடைக்கும். மாதக்கணக்கில் காட்டில் திரிந்து, ஈயத்தை முதுகில் சுமந்த வேட்டைக்காரருக்கு இந்தக் கணக்கு உயிர்க்கணக்கு. ஜெசாயில் அவ்வளவு சிக்கனம் பார்த்ததில்லை. கனத்த குண்டு, கனத்த குழல், அதைத் தாங்க முன்னால் ஒரு கவைக்கால். அமெரிக்கக் குழலின் உட்சுவரில் திருகுபுரி வெட்டியிருப்பது விதி. ஜெசாயிலில் புரியுள்ளதும் உண்டு, வழவழப்பானதும் உண்டு.

இனிப் போர்க்களம். இரண்டும் பிரிட்டிஷ் படை என்ற ஒரே எதிரியைச் சந்தித்தன என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்நாளில் உலகின் பாதி மலைகளுக்கு அந்த எதிரி போய்க்கொண்டிருந்தான். 1777 அக்டோபர் 7 அன்று சாரடோகா அருகே, அமெரிக்கத் தளபதி டேனியல் மோர்கனின் வீரர் ஒருவர் தொலைவிலிருந்து சுட்டதில் ஜெனரல் சைமன் ஃபிரேசர் வீழ்ந்தார். 1841 நவம்பர் 23 அன்று காபூலையொட்டிய பேமாரு குன்றில், பிரிகேடியர் ஷெல்டன் தம் காலாட்படையைச் சதுர அணியில் நிறுத்தினார். குதிரைப்படையை எதிர்க்க வகுத்த அந்த அணி, ஜெசாயில்காரர்களுக்கு நெருக்கமான ஒரு பெரிய குறியாகிப் போனது. 100 கஜத்தைத் தாண்டினால் பிரவுன் பெஸ்ஸின் குறியை நம்ப முடியாது. ஆப்கானியர் அதற்கு அப்பால் நின்றே சுட்டார்கள். அடுத்த ஜனவரியில் காபூலை விட்டுப் பின்வாங்கியவர்கள் ஏறத்தாழ 16,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களும் படையோடு சென்ற ஏவலர்களும் குடும்பத்தினரும். அவர்களைக் கொன்றதில் பனிக்கும் பசிக்கும் பெரும்பங்கு உண்டு. எல்லாவற்றையும் ஜெசாயிலின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது.

குறையிலும் இரண்டும் உடன்பிறப்புகளே. பழகிய காலாள் நிமிடத்துக்கு மூன்று முறை சுடும்போது, எண்ணெய்த் துணியில் பொதிந்த குண்டைப் புரிக்குழலுக்குள் இடித்து இறக்குபவர் ஒரு முறை சுடுவதே பெரிது. துப்பாக்கி முனையில் பயனெட் செருகும் வசதி இரண்டிலும் இல்லை. எதிரி நெருங்கிவிட்டால் அமெரிக்கர் கைக்கோடரியையும், ஆப்கானியர் நீண்ட கைபர் கத்தியையும் எடுக்க வேண்டியிருந்தது. சாரடோகாவில் மோர்கனின் படைக்குத் துணையாகப் பயனெட் ஏந்திய காலாட்களை நிறுத்தியது இதனால்தான்.

என்னை மிகவும் வியக்கவைத்த உறவு, குதிரையும் சக்கிமுக்கிக் கல்லும் பொருந்திய அந்த விசைப்பொறியில் இருக்கிறது. ஜெசாயில்கள் பலவற்றின் பக்கத் தகட்டை உற்றுப் பார்த்தால் பின்னங்காலில் நிற்கும் ஒரு சிங்கம் தேய்ந்து தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை அது. குழலும் கட்டையும் உள்ளூர், பொறி மட்டும் எதிரியுடையது. எங்கோ கைப்பற்றியதாகவோ, சந்தையில் கைமாறி வந்ததாகவோ இருக்கும். கிடைக்காதபோது உள்ளூர்க் கொல்லரே அதைப் பார்த்துச் செய்தார். அந்தச் சிங்கம் நாயைப் போலவும், ஆங்கில எழுத்துகள் இடவலம் மாறியும் இருக்கும். இப்போது அமெரிக்கத் துப்பாக்கியைத் திருப்புங்கள். சுதந்திரம் பெற்ற பிறகு செய்த பென்சில்வேனியத் துப்பாக்கிகளில் ‘கெட்லண்ட்’ என்ற பெயர் பொறித்த பொறிகள் ஏராளம். அது பர்மிங்ஹாம் நகரத்து வணிகப் பெயர். குழலைத் தானே அடித்து உருட்டி, மேப்பிள் கட்டையைத் தானே செதுக்கிய கொல்லர், பொறியை மட்டும் இங்கிலாந்திலிருந்து வாங்கினார். சிறு வில்லும் நுண்ணிய பற்களும் கொண்ட அந்த உறுப்பை மலிவாகவும் சீராகவும் செய்ய அங்கே ஆட்கள் இருந்தார்கள். நாட்டின் பெருமையாகப் போற்றப்படும் இரண்டு துப்பாக்கிகளிலும் பல வேளைகளில் தீப்பொறி பறந்தது பிரிட்டிஷ் இரும்பிலிருந்து.

புகழ் வந்த வழியிலும் பாட்டுக்குப் பங்குண்டு. 1815இன் நியூ ஆர்லியன்ஸ் போரைப் பாடிய ‘கென்டக்கி வேட்டைக்காரர்கள்’ என்ற பாடல்தான், பென்சில்வேனியாவில் பிறந்த துப்பாக்கிக்குக் ‘கென்டக்கி’ என்ற பெயரைப் பரப்பியது. அந்தப் போருக்கு வந்து சேர்ந்த கென்டக்கியர் பெரும்பாலோரிடம் துப்பாக்கியே இருக்கவில்லை. எதிரியை அதிகம் வீழ்த்தியவை பீரங்கிகள். ஜெசாயிலை ஆங்கில வாசகர் நெஞ்சில் பதித்தது கிப்ளிங் 1886இல் வெளியிட்ட கவிதை. பெருஞ்செலவில் படித்துவந்த அதிகாரியைப் பத்து ரூபாய் ஜெசாயில் சாய்த்துவிடும் கணக்கை அது போட்டுக் காட்டியது.

அந்தப் பத்து ரூபாய் இன்று என்னவாயிற்று? அமெரிக்கத் துப்பாக்கியின் மதிப்பு குழலின் மேற்பட்டையில் உள்ள கையொப்பத்தைப் பொறுத்தது. ஜேக்கப் டிக்கெர்ட் போன்ற கொல்லரின் பெயர் இருந்தால் விலை ஏறும். பெயர் இல்லாவிட்டாலும், கட்டையிலுள்ள பித்தளைப் பேழையின் வடிவத்தைக் கொண்டே எந்தப் பள்ளத்தாக்கு என்று சொல்லிவிடுவோர் உண்டு. ஜெசாயிலில் இப்படிப் பெயர் தேடிப் பயனில்லை. 2001க்குப் பிறகு காபூலின் சிக்கன் ஸ்ட்ரீட்டில் அந்நியப் படைவீரர்களுக்காகப் புதிதாகச் செய்து பழமையேற்றியவையும் கலந்துவிட்டதால், ஐயமே விலையைத் தீர்மானிக்கிறது.

விற்போரும் வாங்குவோரும் ‘மாறாத அசல்’ தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. புரி தேய்ந்தால் மீண்டும் வெட்டி, துளை பெருத்ததும் குண்டு வார்க்கும் அச்சை மாற்றி, 1820களுக்குப் பின் சக்கிமுக்கியைக் கழற்றித் தொப்பிவெடிப் பொறி பூட்டியது அமெரிக்கக் குடும்பம். பழைய திரித்துப்பாக்கியின் குழலை எடுத்துப் புதுக்கட்டையில் பொருத்தியது ஆப்கானியக் குடும்பம். மாற்றியவர்கள் அதைச் சிதைக்கவில்லை. தலைமுறை தாண்டிப் பயன்படுத்தினார்கள். இதைக் குறையாக எண்ணி விலையைக் குறைப்பவர், அந்தப் பொருளின் பாதி வாழ்வைப் பார்க்க மறுக்கிறார்.

இரண்டு கட்டைகளும் ஒடியும் இடம் ஒன்றே: பொறிக்குப் பின்னால், கை பற்றும் மெல்லிய கழுத்து. அங்கே ஒட்டுப்போட இரு கண்டத்தாரும் ஒரு வழி கண்டார்கள். பச்சைத்தோலை ஈரத்தோடு இறுகச் சுற்றித் தைப்பார்கள்; காயக் காயத் தோல் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் அந்தத் தோல் இன்னும் இறுகியே இருக்கிறது, கை பட்டுப் பட்டுக் கறுத்து.