கால்வாய் மீனும் குளிர்காய்ச்சலும்

தோட்டத்துப் பிள்ளைகள் லயத்துக் கால்வாயில் துணி விரித்துப் பிடித்துப் போத்தலில் விடும் சிறு மீனை நாம் எல்லோரும் அறிவோம். லோங்காங் மீன் என்று நாம் அழைக்கும் அதற்குக் கப்பி என்பது உலகறிந்த பெயர். அது இந்நாட்டு மீன் அன்று. நம் முன்னோரைப் போலவே கடல் கடந்து வந்தது.

அதன் தாயகம் தென் அமெரிக்காவின் வடபகுதியும் டிரினிடாட் முதலிய தீவுகளும் ஆகும். 1859-இல் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், வெனிசுவேலாவில் கிடைத்த மீனைக் கொண்டு இதனை முதலில் விவரித்தார். 1866-இல் டிரினிடாட்டிலிருந்து கப்பி என்பவர் லண்டன் அருங்காட்சியகத்துக்குச் சில மீன்களை அனுப்பினார். அவர் பெயரே மீனுக்கும் நிலைத்துவிட்டது.

இம்மீன் உலகைச் சுற்றியதற்கு அழகு மட்டும் காரணமன்று. கொசுப்புழுவை இது விரும்பி உண்ணும். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதற்கான சான்றை 1897-இல் ரொனால்ட் ரோஸ் செகந்தராபாத்தில் கண்டார். 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். கொசுவைப் புழுவிலேயே அழிக்க வேண்டும் என்ற எண்ணம் பரவியபோது, கப்பி மீனும் பல வெப்ப நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

ஆனால் மீன் ஒன்றே நம்மைக் காப்பாற்றிவிடவில்லை. லிங்கி உள்ளிட்ட நெகிரி செம்பிலான் வட்டாரங்களில் ரப்பர் நடுவதற்காகக் காடு அழிக்கப்பட்டது. நிழல் போய், குன்றடி நீரோடைகளில் வெயில் பட்டது. மலேரியாவைப் பரப்பும் மாக்குலாட்டஸ் என்ற கொசு அத்தகைய தெளிந்த ஓடையில்தான் பெருகும். அங்கே நிலத்தடிக் குழாய்களும், ஓடைகளில் எண்ணெய் தெளித்த தொழிலாளர்களின் உழைப்புமே பயன் தந்தன. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் கொயினாவின் கசப்போடு மரணத்தின் கசப்பையும் கண்டுவிட்டன.

இம்மீனை வீட்டில் வளர்ப்பது எளிது. இது முட்டையிடாமல் குஞ்சு ஈனும். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை, சில சமயம் 50 குஞ்சுகள் வரை பிறக்கும். பிறந்தவுடன் நீந்தும் குஞ்சைத் தாயே தின்றுவிடும் என்பதே இடர். ஆகையால் தொட்டியில் பாசிக்கொடியை அடர்த்தியாக விடவேண்டும். அல்லது குஞ்சுகளை வேறு பாத்திரத்துக்கு மாற்றவேண்டும். அவித்த முட்டையின் மஞ்சட்கருவை நசுக்கி, ஊசிமுனையளவு, நாளைக்கு இரண்டு மூன்று முறை இடலாம். மிஞ்சினால் நீர் கெடும். குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்தபின் ஊற்றுவது நல்லது. இரண்டு மூன்று மாதத்தில் குஞ்சுகள் தாமே குஞ்சு ஈனும் பருவம் அடையும்.

ஒன்றை மறவாதீர்கள். பெருகிய மீனை ஆற்றில் விடக்கூடாது. அங்குள்ள நாட்டு மீன்களுக்கு அது கேடாகலாம். இன்று நம்மை அச்சுறுத்தும் டெங்கிக் கொசுவோ சிரட்டையிலும் பழைய டயரிலும் வளர்வது. சிரட்டைக்குள் மீன் வளர்க்க முடியாது. நீர்த்தொட்டியில் கப்பி இருக்கட்டும்; சிரட்டையை நாமே வாரந்தோறும் கவிழ்ப்போம். பிள்ளைகளுக்கு மீன்குஞ்சைக் காட்டும்போது, இந்தக் காய்ச்சலின் கதையையும் சேர்த்துச் சொல்வோம்.