நம் நாடு எது? ஒரு பழைய விடைத்தாளுக்கு மறு திருத்தம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரு கடனைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் இருக்கும் என் பேத்தி வீடியோ காலில் வந்தாள். பள்ளியில் ஸ்பானிஷ் மொழி எடுத்திருக்கிறாள். 'கன்ட்ரி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை பொருள், ஒவ்வொன்றுக்கும் ஸ்பானிஷில் என்ன சொல் என்று எழுதி வர வேண்டுமாம். "தமிழ்ல ஒரே வார்த்தைதானே தாத்தா, நாடு?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டில் வாத்தியார் வேலை பார்த்தவன் அப்படிச் சொல்லலாமா?

அவள் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள். இந்தியா, சீனா என்று சொல்லும் தேசத்துக்கு ஸ்பானிஷில் 'பாஈஸ்'. பிறந்த மண் என்று பாசத்தோடு சொன்னால் 'பாத்ரியா'. அதற்குள் தந்தை என்ற சொல் இருக்கிறது. நாம் தாய்நாடு என்கிறோம், அவர்கள் தந்தையர் நாடு என்கிறார்கள். பட்டணத்துக்கு வெளியே உள்ள கிராமப்புறம் என்றால் 'காம்போ'. வயலுக்கும் அதே சொல்தான். ஆங்கிலேயர் ஒரே சொல்லில் அடக்கியதை ஸ்பானியர் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அன்று இரவு அகராதிகளோடு உட்கார்ந்தேன். 'கன்ட்ரி' என்பதன் வேர் 'எதிரே' என்று பொருள்படும் லத்தீன் சொல். கண்ணுக்கு எதிரே விரிந்து கிடக்கும் நிலம் என்பதுதான் முதல் பொருள். 'பாஈஸ்' பிரெஞ்சு வழியாக ஸ்பானிஷுக்கு வந்தது. அதன் வேர் 'பாகுஸ்' என்ற லத்தீன் சொல். அதற்கு என்ன பொருள் தெரியுமா? நாட்டுப்புறத்தில் பல ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம்.

இதைப் படித்ததும் எனக்கு நம் மலைதான் நினைவுக்கு வந்தது. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு. திருப்பத்தூர்ப் பக்கத்து மலை மேல் இருக்கும் இந்த மூன்றும் தனித்தனி ஊர்கள் அல்ல, ஊர்களின் தொகுப்புகள். கொல்லிமலைக்குப் போனால் வளப்பூர்நாடு, அரியூர்நாடு, சேலூர்நாடு, குண்டூர்நாடு என்று வரிசையாக வரும். இரண்டு மலையிலும் வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். (கேரளத்து மலையாளிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள்.) ஊருக்கு ஒரு தலைவர், பல ஊர் சேர்ந்த நாட்டுக்கு ஒரு நாட்டார் என்ற ஏற்பாட்டைப் பெரியவர்கள் சொல்ல நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இது மலையில் மட்டும் இருந்த வழக்கமும் அல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஓர் ஊரைக் குறிக்கும்போது இன்ன கோட்டத்து இன்ன நாட்டு இன்ன ஊர் என்று எழுதுவார்கள், நாம் இன்று மாவட்டம், வட்டம், அஞ்சல் என்று முகவரி எழுதுவது போல. தொண்டை மண்டலத்தில் 24 கோட்டங்கள், 79 நாடுகள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. முதலாம் இராசராசன் பல நாடுகளைச் சேர்த்து வளநாடுகள் அமைத்தான். நாட்டின் சார்பில் கூடிப் பேசியவர்களுக்கு நாட்டார் என்று பெயர். நிலம், வரி, கோயில் பற்றிய முடிவுகளில் அவர்கள் பெயர் வருகிறது. கல்வெட்டுகளைக் கொண்டு சோழர் கால நாடுகளை வரைபடத்தில் குறித்துக் காட்டியவர் எ.சுப்பராயலு. அவருடைய நூல் 1973-ல் வந்தது. அரசன் கோடு போட்டுப் பிரித்த பிரிவல்ல நாடு. வேளாண்மையை ஒட்டி ஊர்கள் இயல்பாகச் சேர்ந்து உண்டானது என்பது அவர் முடிவு.

சமவெளியில் இந்த நாடுகள் மறைந்து, தாலுகாவும் பிர்க்காவும் வந்துவிட்டன. வல்லநாடு, பாப்பாநாடு என்று ஊர்ப் பெயர்களில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். மலை மேல் மட்டும் சொல் பழைய பொருளோடு புழக்கத்தில் இருக்கிறது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் வந்தது. இங்கே விளைந்த, இங்கே செய்த பொருளையெல்லாம் 'கன்ட்ரி' என்ற அடைமொழியோடு அழைத்தார்கள். சீமையிலிருந்து வந்தது உசத்தி, 'கன்ட்ரி' என்றால் மட்டம். இந்திய ஆங்கிலச் சொற்களுக்கென்று 1886-ல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியே, இந்தப் பேச்சில் ஓர் இளக்காரம் உண்டு என்று ஒத்துக்கொள்கிறது. நாட்டு மருந்து, நாட்டு ஓடு, நாட்டு மாடு என்று நாமும் கொஞ்சம் தாழ்த்தித்தான் சொன்னோம். இன்றைக்குக் கறிக்கடையில் போய் நாட்டுக்கோழி விலை கேட்டுப் பாருங்கள்! நாட்டுச் சர்க்கரை வெள்ளைச் சர்க்கரையைவிட விலை அதிகம். நம் மலைச் சாமை அரிசியையும் பட்டணத்துக்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள்.

நாடு என்ற பெயர் தனி தேசத்தைத்தான் குறிக்குமா என்ற கேள்வியும் வந்தது. சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி விருதுநகரில் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ல் உண்ணாவிரதம் தொடங்கினார். அக்டோபர் 13-ல் உயிர் துறந்தார். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967 ஜூலை 18-ல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14-ல் பெயர் நடைமுறைக்கு வந்தது. ஸ்பெயினிலேயே ஒரு பகுதிக்குப் 'பாஈஸ் வாஸ்கோ' என்று பெயர், பாஸ்க் நாடு என்று அர்த்தம். 1979 முதல் தன்னாட்சிப் பகுதியாக இருக்கிறது. ஒரு தேசத்துக்குள் ஒரு நாடு இருப்பதில் அங்கே யாருக்கும் சொற்குழப்பம் இல்லை. பேத்திக்கு இதைச் சொன்னதும் உடனே குறித்துக்கொண்டாள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் நாட்டுக்கு எதிர்ச்சொல்லாகக் காட்டைத்தான் சொல்வோம். காட்டைத் திருத்தி நாடாக்கினார்கள் என்கிறோம். வெளியூர்க்காரர் பார்வைக்கு ஜவ்வாது மலை முழுக்கக் காடு. 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் வந்த பிறகு அரசுப் பதிவேட்டிலும் 'காடு' என்ற சொல்லுக்குத்தான் எடை கூடியது. ஆனால் மலை மக்கள் தங்கள் இடத்தை நாடு என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். இங்கே உழுதிருக்கிறோம், விதைத்திருக்கிறோம், கூடிப் பேசி வழக்குத் தீர்த்திருக்கிறோம் என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்திலும் உரிமை கேட்கும் மனு முதலில் கிராம சபைக்குத்தான் வர வேண்டும். மக்கள் கூடி முடிவெடுப்பது நம் மலைக்குப் புதிதல்ல.

இப்போது என் கடன். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, கீழ்நாட்டிலிருந்து மலைக்கு வந்து சேர்ந்த புதிது. பரீட்சையில் "நம் நாடு எது?" என்று ஒரு கேள்வி. ஒரு பையன் "புதூர்நாடு" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பில் எழுந்து நிற்க வைத்து, "உன் ஊரு ஒரு நாடாடா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "எங்க தாத்தா அப்படித்தான் சார் சொல்லும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அவன் தாத்தா சொன்னது ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டுத் தமிழ். எனக்குத் தெரிந்தது பாடப் புத்தகத் தமிழ். இந்தியா என்ற விடையைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதுதான். அவன் எழுதியதும் சரி, இன்னொரு பொருளும் உண்டு என்று சொல்லிக் கொடுத்திருந்தால் நான் நல்ல வாத்தியார்.

தம்பி, இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், உன் விடைக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, உங்கள் நாட்டில் எத்தனை ஊர் அடக்கம், என்னென்ன பெயர் என்று கீழே எழுதுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்