கேஷ் டிரைவின் முன்வரலாறு

1984ஆம் ஆண்டில், தோஷிபா பொறியாளர் புஜியோ மசுவோகா, மின்சாரம் நின்றாலும் தரவை இழக்காத ஃபிளாஷ் நினைவகத்தை அறிவித்தார். அடிக்கடி வேண்டப்படும் தரவை வேகமான சிறு நினைவகத்தில் தனியே வைத்துக்கொள்ளும் ‘கேஷ்’ முறையோ அதனினும் மூத்தது. 1965இல் மாரிஸ் வில்க்ஸ் விளக்கிய அம்முறையை 1968இல் ஐபிஎம் தன் 360 வரிசையின் 85ஆம் மாதிரியில் கையாண்டது. இவ்விரு மரபுகளும் கூடியதன் விளைவே, வீட்டுச் சேமிப்புக் கணினியில் சுழலும் ஹார்டு டிஸ்குகளுக்குத் துணையாக, கேஷ் டிரைவாகப் பொருத்தப்படும், ஃபிளாஷ் நினைவகத்தாலான எஸ்எஸ்டி. ஃபிளாஷ் செல்கள் எழுத எழுதத் தேய்வதால், அதை வாங்கும்போது, விளம்பரங்கள் முழங்கும் வேகத்தைவிட, மொத்தம் எத்தனை டெராபைட் எழுதுவதைத் தாங்கும் என்ற அளவே முதலில் பார்க்கத்தக்கது. படிப்பதற்கான கேஷில் மூலப்பிரதி டிஸ்கிலேயே இருப்பதால் ஒரு டிரைவ் போதும். எழுதுவதற்கான கேஷுக்கு, மின்தடைக் காப்புடைய இரண்டு டிரைவ்கள், ஒன்றுக்கொன்று நகலாக, இன்றியமையாதவை.