ஸப்ரும் இமாமத்தும்: காயிதே மில்லத் வாழ்வில் பேசப்படாத ஆண்டுகள்

நெய்வேலி நகரியத்துச் சமுதாய இளைஞர்களிடம் தவக்குல் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் ஒரே வினாவே எழக் காண்கிறேன். நமக்குத் தலைமை வேண்டும். அது வாய்க்கும்வரை அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டிப் பொறுத்திருங்கள் என்பது, கைகட்டி இருப்பதற்கு இட்ட அழகிய பெயரன்றோ என்கின்றனர். வினா நியாயமானதே. அதற்குரிய விடையை உபதேசத்தில் தேடுவதைவிட வரலாற்றில் தேடுவது நன்று.

பனூ இஸ்ராயீலரில் சிலர் தலைவர்களாக ஆக்கப்பட்டதைக் கூறும் சூரத்துஸ் ஸஜ்தா, அவர்கள் பொறுமை காத்ததையும் இறை அத்தாட்சிகளில் உறுதி கொண்டதையும் அதற்குக் காரணங்களாக உரைக்கிறது. இமாமத் என்பது ஸப்ரும் யகீனும் சேர்ந்த இடத்தில் கிட்டுவது என்று இமாம் இப்னு தைமிய்யா இதிலிருந்தே விளக்கினார்கள். பெருமானார் (ஸல்) அவர்களோ, அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களிடம் பதவியைக் கேட்டுப் பெற வேண்டாம் என்றும், கேளாமல் வருவதற்கே இறையுதவி உண்டு என்றும் எச்சரித்தார்கள்.

ஆனால் யூசுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டார்களே எனலாம். அது பதவி ஆசையன்று. பஞ்சம் நெருங்கும் வேளையில் அப்பணிக்குரிய பேணுதலும் அறிவும் தம்மிடம் இருப்பதை அறிந்து கேட்டது என்பர் முஃபஸ்ஸிர்கள். இங்கே அரபுச் சொல்லாட்சி ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘மக்கன்னா’, அதாவது அவரை அந்நாட்டில் நிலைபெறச் செய்தோம் என்னும் சொல், அச்சூராவில் யூசுஃபைக் குறித்து இருமுறை வருகிறது. அவர் அதிகாரம் பெற்றபோது வருவது இரண்டாவதே. முதன்முறை வருவது, அவர் அடிமையாக விலைக்கு வாங்கப்பட்டு அஜீஸின் இல்லத்தில் கால்வைத்த வேளையில்! நாம் தாழ்வு எனக் காணும் இடத்திலேயே அல்லாஹ் ஆயத்தத்தைத் தொடங்கிவிட்டான். சிறையிலும் யூசுஃப் (அலை) வாளா இருக்கவில்லை. விடுதலையாகும் தோழரிடம், அரசரிடம் தம்மைப் பற்றிக் கூறுமாறு சொல்லியனுப்பினார்கள். அவர் மறந்தார், ஆண்டுகள் சென்றன.

நம் நாட்டு வரலாற்றில் இதற்கொரு சான்று தேடினால் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிபே முதலில் நினைவுக்கு வருகிறார். 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர், 1920இல் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்று, பி.ஏ. தேர்வு எழுதாமலே வெளியேறினார். சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக அவர் அமர்ந்தது 1946இல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இருபத்தாறு ஆண்டுகளை நம்மவர் நூல்கள் பெரும்பாலும் இரண்டு பத்திகளில் கடந்துவிடுகின்றன. கூட்டமும் மாலையும் இல்லாத காலத்தை எழுத நமக்கு ஆர்வமில்லை போலும்.

அவ்வாண்டுகளில் அவர் செய்தது தோல் வணிகம். சென்னையிலிருந்து பதனிட்ட தோல் கடல்கடந்து சென்ற காலம் அது. அத்தொழிலில் நிலைத்து, வணிகர் அமைப்புகளில் பொறுப்பேற்றார். பல சமயத்தாரோடு கொடுக்கல் வாங்கல், எழுத்தைவிட வாக்கு பெரிதாக மதிக்கப்படும் சந்தை, விலை வீழ்ந்தாலும் பதறாத நிதானம்: பின்னாளில் அவரிடம் எல்லாரும் கண்ட குறைந்த பேச்சும் நாணயமும் இங்கேதான் பதப்பட்டன என்பது என் கருத்து. 1945இல் சென்னை மாகாண முஸ்லிம் லீக்கின் தலைமை வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

நெய்வேலியில் வாழ்வோர்க்கு இது விளங்காததன்று. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில். இடைப்பட்ட நான்காண்டும் மேல்மண் அகற்றுவதே வேலை. கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரையும் ஓயாது இறைத்தாக வேண்டும். இறைக்காவிடில் அது மேலெழும்பிச் சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும்.

பொறுமையின் கடுஞ்சோதனை இஸ்மாயீல் சாஹிபுக்குத் தலைமை வந்த பின்னரே வந்தது. 1947 டிசம்பரில் கராச்சியில் அகில இந்திய முஸ்லிம் லீக் இரண்டாகப் பிரிந்தபோது, இந்தியப் பகுதிக்கு அவரே அமைப்பாளரானார். பிரிவினையின் குருதி உலராத அந்நாளில், கட்சியைக் கலைத்துவிடுவதே நலம் என்ற குரல் சமுதாயத்திற்குள்ளேயே வலுத்திருந்தது. 1948 மார்ச் 10 அன்று சென்னையில், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் கட்டடத்தில் கூடிய கூட்டம் இயக்கத்தைத் தொடர முடிவு செய்து அவரைத் தலைவராக்கியது. இலாபம் ஏதுமில்லாத, பழி மட்டுமே உறுதியான பதவி அது. அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) பெற்ற அறிவுரையை இந்நிகழ்ச்சியோடு வைத்துப் படிக்கலாம்.

அரசியல் நிர்ணய சபையில் அவர் பெற்றவை பெரும்பாலும் தோல்விகளே. 1948 நவம்பரில் பொதுச் சிவில் சட்டம் பற்றிய விதிக்கு, எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என ஒரு திருத்தம் கொணர்ந்தார். ஏற்கப்படவில்லை. 1949 மே மாதம் தனித்தொகுதி கோரினார். முஸ்லிம் உறுப்பினர் சிலரே எதிர்த்துப் பேசினர், சர்தார் பட்டேலின் மறுப்போ மிகக் கடுமையாக இருந்தது. தனித்தொகுதிக் கோரிக்கை காலத்துக்கு ஏற்றதா என்பதில் இன்றும் கருத்து வேறுபடலாம். எனக்கும் ஐயம் உண்டு. ஆனால் அவர் வெளிநடப்புச் செய்து ஒதுங்கவில்லை என்பதில் ஐயமில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மொழி விவாதம் வந்தபோது அதே அவையில் எழுந்து, தமிழின் தொன்மையைக் காட்டி அதன் உரிமைக்காக வாதாடினார்.

1952 பொதுத் தேர்தலில் மக்களவைக்குச் சென்ற லீக் உறுப்பினர் ஒரே ஒருவர். மலப்புறத்தில் வென்ற பி. போக்கர் சாஹிப். அவ்வாண்டே மாநிலங்களவை சென்ற இஸ்மாயீல் சாஹிப் 1958 வரை அங்கிருந்தார். 1962இல் மஞ்சேரி மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினர். 1967இலும் 1971இலும் மீண்டும் அனுப்பினர். 1967இல்தான் கேரளத்தில் லீக் அமைச்சரவையில் பங்கு பெற்றது. தமிழகத்தில் அதன் தோழமைக் கட்சியான தி.மு.க. ஆட்சியமைத்தது. சென்னைக் கூட்டம் நடந்து அப்போது பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1972 ஏப்ரலில் அவர் மறைந்தார். அடக்கமாகியிருப்பது திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில்.