டார்வினின் கப்பலாகத் திரையில் வந்த 'மார்க்கெஸ்'

அறிவியலாளர் சார்ல்ஸ் டார்வினின் கடற்பயணத்தைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை 1978ஆம் ஆண்டில் பிபிசி ஒளிபரப்பியது. அதில் டார்வின் பயணம் செய்த 'பீகல்' கப்பலாக இடம்பெற்றது 'மார்க்கெஸ்' என்ற பாய்மரக் கப்பல். ஆறு ஆண்டுகளில் அந்தக் கப்பல் கடலில் மூழ்கியது. 19 பேர் உயிரிழந்தனர்.

மார்க்கெஸ் 1917ஆம் ஆண்டு ஸ்பெயினில் மரத்தால் கட்டப்பட்ட சரக்குக் கப்பல். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனைச் சேர்ந்த ஒருவர் அதை வாங்கிப் புதுப்பித்தார்.

உண்மையான பீகல் 1820இல் லண்டன் அருகே ஊல்விச்சில் கட்டி முடிக்கப்பட்ட போர்க்கப்பல். முதலில் அதில் இரண்டு பாய்மரங்களே இருந்தன. கடலாய்வுப் பணிக்காக மூன்றாவது பாய்மரம் பின்னர் சேர்க்கப்பட்டது. 1831 முதல் 1836 வரை டார்வின் அதில் உலகைச் சுற்றி வந்தார். அந்தத் தோற்றம் கிடைப்பதற்காக மார்க்கெஸின் பாய்மர அமைப்பும் மாற்றப்பட்டது. மூன்று பாய்மரங்கள் நிறுத்தப்பட்டு, முன்னால் இருந்த இரண்டிலும் சதுரப் பாய்கள் கட்டப்பட்டன.

தொடர் முடிந்தபின் மார்க்கெஸ் இளையருக்குக் கடற்பயிற்சி அளிக்கும் கப்பலாகப் பயன்பட்டது. 1984 ஜூன் மாதம் பெர்முடாவிலிருந்து கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகருக்கு நடந்த பாய்மரக் கப்பல் பந்தயத்தில் அது கலந்துகொண்டது. கப்பலில் 28 பேர் இருந்தனர். ஜூன் 3ஆம் தேதி விடியுமுன் திடீரென வீசிய சூறைக்காற்று கப்பலைப் பக்கவாட்டில் சாய்த்தது. தளத்திலிருந்த திறப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே பாய, ஒரு நிமிடத்திற்குள் கப்பல் மூழ்கியது. உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வெளியேற நேரமில்லை. ஒன்பது பேர் மட்டுமே பிழைத்தனர். அவர்களில் பெரும்பாலோரைப் பந்தயத்தில் இருந்த போலந்துக் கப்பல் ஒன்று மீட்டது.

பாய்மரக் கப்பல் காற்றில் சாய்வது இயல்பு. அடிப்பகுதியில் உள்ள எடை அதை மீண்டும் நிமிர்த்திவிடும். பாய்மரங்களாலும் பாய்களாலும் மேலே எடை கூடும்போது நிமிரும் ஆற்றல் குறையும். திறப்புகள் நீருக்குள் செல்லும் அளவுக்குச் சாய்ந்துவிட்டால் மீள்வது கடினம்.

பிரிட்டனில் நடந்த விசாரணையில் மார்க்கெஸின் நிலைத்தன்மையே முக்கியக் கேள்வியாக எழுந்தது. பயிற்சிக் கப்பல்களுக்கான பாதுகாப்பு விதிகள் பின்னர் கடுமையாக்கப்பட்டன. ஒரு கப்பல் எந்த அளவு வரை சாய்ந்தாலும் நிமிரும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டுவது இன்று அந்த விதிகளில் முக்கிய இடம் பெறுகிறது.