தவறணை இல்லாத ஊரும் தப்பவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

"எங்கட ஊருல தவறணை இல்ல." சாய்ந்தமருதில் வளர்ந்த எல்லோரும் இந்த வசனத்தைக் கேட்டிருக்கிறோம். வெளியூரில் ஆசிரியர் பயிற்சிக்குப் போன காலத்தில் விடுதி நண்பர்களிடம் நாங்களும் பெருமையாகச் சொன்னதுண்டு. அந்தப் பெருமையைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் பத்தாம் தரத்தில் ஒரு பிள்ளை பாடசாலைக்கு வராமல் நின்றான். இடாப்பில் அவன் பெயருக்கு நேரே வரிசையாகப் பூச்சியம். கூட்டாளிமாரிடம் கேட்டோம். "அவன் கடலுக்குப் போறான் சேர்" என்றார்கள். கடலுக்குப் போகிற பிள்ளைகள் இந்தக் கரையில் புதிதல்லவே, நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். தவணை முடிவில் இடைவிலகியவர் பட்டியலில் பெயரைச் சேர்த்து இடாப்பையும் மூடினோம். அடுத்து அவனைப் பற்றிக் கேள்விப்பட்டபோது அவன் விளக்கமறியலில் இருந்தான். ஐஸ். அவனுடைய உம்மா பாடசாலைக்கு வந்து, "நல்ல புள்ளதானே சேர், எழுதித் தாங்களேன்" என்று நற்சான்றிதழ் கேட்டார். எழுதிக் கொடுத்தோம். நாங்கள் எழுதியது பொய்யில்லை, அவன் நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் வராத அந்த ஒரு தவணையில் நாங்கள் ஒருவரும் அவன் வீட்டு வாசலுக்குப் போகவில்லை என்பதை எந்தச் சான்றிதழில் எழுதுவது?

அதற்குப் பிறகுதான், நமது நாட்டில் ஊர்கள் ஒன்றுசேர்ந்து போதையை எதிர்த்த வரலாறு ஏதும் உண்டா என்று தேடி வாசித்தோம். உண்டு. அதுவும் நூறு வருடத்துக்கு மேற்பட்டது.

வெள்ளைக்காரன் காலத்தில் சாராயக் குத்தகை அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். 1904 அளவில் தென்பகுதிக் கிராமங்களில் மதுவிலக்குச் சங்கங்கள் எழுந்தன. 1912இல் புதிய மதுவரிச் சட்டம் வந்தது. சாராயத்தையும் கள்ளையும் பிரித்து, நாடு முழுக்க ஆயிரமளவில் கள்ளுத் தவறணைகளைத் திறக்க அரசாங்கம் புறப்பட்டது. மக்கள் கொதித்துப் போனார்கள். எப்.ஆர். சேனாநாயக்க, டி.எஸ். சேனாநாயக்க, டி.பி. ஜயதிலக்க போன்றவர்கள் பொதுவாழ்வுக்கு வந்த மேடை இதுதான். பின்னாளில் நாட்டை ஆண்டவர்களில் பலர் அரசியல் படித்தது தவறணை வாசலில் என்று சொன்னால் அது மிகையில்லை.

இந்த இயக்கம் கூட்டம் போட்டுக் கலைந்துவிடவில்லை. ஒரு பிரதேசத்து வாக்காளர்களே வாக்களித்துத் தங்கள் பகுதித் தவறணையை மூடலாம் என்ற ஏற்பாடு பிறகு வந்தது. பாதிக்கு மேல் வாக்குக் கிடைத்தால் போதும் என்று விடவில்லை, அதைவிடப் பெரிய பங்கு வேண்டும் என்றது அரசாங்கம். வீட்டில் இருப்பவரின் வாக்கும் எதிர்வாக்குப் போலத்தான். ஆகவே ஒவ்வொரு படலையையும் தட்ட வேண்டியிருந்தது. தட்டினார்கள். 1920களிலும் 30களிலும் சிங்களக் கிராமங்களிலும் யாழ்ப்பாணத்திலும் தவறணைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பொலிஸ் வந்து மூடிய கடையல்ல, ஊர் வாக்களித்து மூடிய கடை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சாராயக் குத்தகையில் பணம் சேர்த்த குடும்பங்களின் பிள்ளைகளும் மதுவிலக்கு மேடையில் இருந்தார்கள். நமது ஊர்ச் சுற்றுப்போட்டிகளுக்குக் கிண்ணமும் ஜேர்சியும் யார் யார் பணத்தில் வருகின்றன என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் சிலருக்குக் கோபம் வரும்.

மூடிய கடைக்குப் பின்னால் கசிப்பு வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குடிப்பவனை அப்படியே விட்டுவிட்டுக் கடையை மட்டும் மூடினால் அவன் காட்டுக்குள் போய்க் குடிப்பான். அபின் விடயத்தில் அரசாங்கம் வேறு வழியில் போனது. 1910இல் வந்த அபின் சட்டம் திறந்த விற்பனையை நிறுத்தியது. ஆனால் ஏற்கனவே பழகிப்போனவர்களைப் பதிவு செய்து, அளவோடு கொடுக்கவும் இடம் வைத்தது. பழகியவனைக் குற்றவாளியாக மட்டும் பார்க்கக்கூடாது என்ற எண்ணம் அந்தக் காலத்துக் காகிதத்திலேயே இருந்திருக்கிறது.

இனி நமக்கு வலிக்கிற பகுதி. மதுவிலக்கு இயக்கம் பௌத்த மறுமலர்ச்சியோடு பின்னிப் பிணைந்து வளர்ந்தது. அதே வருடங்களில் முஸ்லிம் வியாபாரிகளுக்கு எதிரான பேச்சும் வளர்ந்தது. 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரம் சில நாட்களில் பல மாவட்டங்களுக்குப் பரவி, ஆயிரக்கணக்கான முஸ்லிம் கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் உடைக்கப்பட்டன. மதுவிலக்குச் சங்கங்கள்தான் சதி செய்தன என்று சந்தேகப்பட்ட ஆங்கில அரசு, சேனாநாயக்க சகோதரர்களையும் ஜயதிலக்கவையும் சிறையில் அடைத்தது. அவர்களுக்காகச் சட்டசபையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் வாதாடினார். அடிபட்ட முஸ்லிம்களுக்கு அந்த வாதம் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

மதுவை மார்க்கமே தடுத்த ஒரு சமூகம் அந்த இயக்கத்தின் முன்வரிசையில் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அவர்கள் நம்மை அழைத்த விதமும் சரியில்லை, "இது அவர்களின் பிரச்சினை, நமக்குத்தான் ஹராமாச்சே" என்று நாமும் ஒதுங்கிக்கொண்டோம் என்பதுதான் எங்கள் வாசிப்பு. "எங்கட ஊருல தவறணை இல்ல" என்ற வசனத்தின் வேர் இங்கேதான் எங்கோ இருக்கிறது.

தவறணை தேவைப்படாத போதை 1980களின் தொடக்கத்தில் நாட்டுக்குள் வந்தது. ஹெரோயின். 1984இல் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைக்கப்பட்டது. அதே வருடம் 2 கிராம் ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று சட்டம் இறுகியது. 2022இல் ஐஸுக்கும் 5 கிராம் என்று வரம்பு வந்தது. தூக்கு மேடையில் 1976க்குப் பிறகு யாரும் ஏற்றப்படவில்லை, தூளும் நிற்கவில்லை. 2023 டிசம்பரில் "யுக்திய" நடவடிக்கை தொடங்கி ஒரு மாதத்துக்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். கைது செய்யும் முறை பற்றி ஐ.நா. மனித உரிமை நிபுணர்களே கவலை வெளியிட்டார்கள். இத்தனை ஆயிரம் பேர் பிடிபட்ட பிறகும் நமது தெருவில் மாத்திரை குறைந்ததா? வாசிப்பவர்களே சொல்லுங்கள்.

மாத்திரை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நோயாளிக்குக் கொடுக்கிற குளிசையை அள்ளி விழுங்குகிற பிள்ளைக்கு அது "குடி"யாகத் தெரிவதில்லை. மணம் இல்லை, போத்தல் இல்லை. வாப்பா சந்தேகப்படுவதற்கு எதுவுமில்லை. மாவாவும் பாபுலும் அப்படித்தான், வெற்றிலை போடுவதைப் போல வாயில் ஒதுக்கிக்கொண்டு வகுப்பில் இருக்கலாம். புகையற்ற புகையிலை விற்பனை 2016இலேயே தடை செய்யப்பட்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்பதும் குற்றம். நமது பெட்டிக்கடைகளுக்கு இந்தச் சட்டம் தெரியுமா தெரியாதா என்று அந்தி நேரத்தில் ஒரு சுற்று நடந்து பார்த்தால் விளங்கும்.

நமது ஊருக்கு ஒன்றுசேரத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அன்று அரசாங்கத்தைக் காத்திருக்கவில்லை. ஜனாஸாக்களைத் தேடி எடுத்ததும் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் சோறு சமைத்ததும் நமது இளைஞர்கள். 2019 ஏப்ரல் 26ஐயும் மறக்க முடியாது. பொலிவேரியன் கிராமத்தில் வாடகைக்கு வந்தவர்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது அயலில் இருந்த நமது மக்கள். அந்த இரவில் பிள்ளைகளும் உயிரிழந்தார்கள், அதைப் பற்றி இங்கே அதிகம் பேச மனம் வரவில்லை. சொல்ல வந்தது இவ்வளவுதான்: புதிதாகக் குடிவந்த அந்நியரைச் சில நாட்களில் அடையாளம் கண்ட ஊர் இது. தோணாக் கரையில் ஒரு வருடமாகக் குந்தியிருக்கிற சொந்தப் பிள்ளையைக் காணவில்லை. அல்லது கண்டும், "அவன்ட வாப்பாட்ட சொன்னா நமக்குத்தான் ஏச்சு" என்று நடந்து போனது.

ஐஸ்லாந்து என்ற சின்ன நாட்டில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளை விசாரித்தபோது, அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் வெறிக்கக் குடித்தவர்கள் 42 வீதம். 2016இல் அது 5 வீதம். அந்த நாட்டார் பிள்ளைகளிடமே பெயர் கேட்காமல் விசாரித்தார்கள், நாடு முழுக்க ஒரு கணக்கு என்று வைக்காமல் ஒவ்வொரு ஊருக்கும் பாடசாலைக்கும் அதன் முடிவைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெற்றோர் குழுவாக இரவில் தெருவில் நடந்தார்கள். பிள்ளை இத்தனை மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று பெற்றோர் சேர்ந்து உடன்படிக்கை எழுதினார்கள். தலைநகரில் விளையாட்டுக்கும் இசைக்கும் பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று நகரசபை பணம் ஒதுக்கியது. பணக்கார நாடு, நமக்கு அது முடியாது என்பீர்கள். பணம் நம்மிடம் இல்லைதான். ஆனால் மஃரிபுக்குப் பிறகு நான்கு வாப்பாமார் சேர்ந்து கடற்கரைப் பக்கம் நடப்பதற்கு யாருடைய பணம் வேண்டும்?

2025 ஒக்டோபர் இறுதியில் ஜனாதிபதி "முழு நாடுமே ஒன்றாக" என்று போதைக்கு எதிரான தேசிய செயற்பாட்டைத் தொடக்கி வைத்தார். இனி ஊர் மட்டத்திலும் குழு அமைக்கும் பேச்சு வரும். பிரதேச செயலகம், பொலிஸ், நம்பிக்கையாளர் சபை, உலமாக்கள், அதிபர்மார், விளையாட்டுக் கழகங்கள் எல்லாம் ஒரு மேசையில் இருப்பார்கள். நல்லது, வரவேற்கிறோம். எங்கள் பயம் பதாகை பற்றியது. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளை வெயிலில் நடக்கவிட்டு, பதாகை பிடித்துப் படம் எடுத்து, முகநூலில் போட்டு முடிந்துவிடும் குழுக்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். ஊர்வலத்தில் வருகிற பிள்ளை பாடசாலைக்கு வருகிற பிள்ளை. நாம் தேடுகிற பிள்ளை அந்த வரிசையில் இல்லை.

குழு அமைப்பவர்களிடம் இரண்டு விடயம் மட்டும் கேட்கிறோம். காரைதீவையும் அந்த மேசைக்கு அழையுங்கள். தூள் விற்பவன் ஊர் எல்லையைப் பார்ப்பதில்லை, 1915இல் யாரை யார் விட்டுவிட்டுப் போனார்கள் என்று மேலே எழுதியிருக்கிறோம். மற்றது, பிடித்துக் கொடுக்கும் பட்டியல் போடுவதற்கு முதல் சிகிச்சைக்கு அனுப்பும் வழியை ஊருக்குச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் விரும்பிச் சிகிச்சைக்கு வருபவருக்கும் இடம் கொடுக்கிறது. அப்படி ஒரு வழி இருப்பது தெரியாமல், "வெளிய தெரிஞ்சா தங்கச்சிக்கு மாப்பிள்ள வராது" என்று மகனை அறைக்குள் பூட்டி வைத்த உம்மாமாரை எங்களுக்குத் தெரியும்.

எங்கள் பங்குக்கு நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சின்ன வேலையைத் தொடங்கியிருக்கிறோம். இடாப்பில் தொடர்ந்து மூன்று பூச்சியம் விழுந்தால் நான்காம் நாள் பின்னேரம் இருவராக அந்த வீட்டுக்குப் போவது. கடிதம் இல்லை, விசாரணை இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, "மகன் எங்க காணல்ல?" என்று கேட்பது மட்டும்தான். போன வாரம் மூன்று வீட்டுக்குப் போனோம். ஒரு பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல். ஒருவன் வாப்பா வெளிநாட்டில் இருப்பதால் கடையில் நிற்கிறான், அடுத்த கிழமை வருவதாகச் சொன்னான். மூன்றாவது வீட்டில் கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. நாளை மறுநாள் திரும்பவும் போகிறோம்.